முள்ளெலிக்குத் துட்டு திரட்டிய கதை

2018 ஐப்பசியில், இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். நாங்குநேரி பக்கம் ஒரு கிராமச் சாலையில் இரண்டு முள்ளெலிகள் அடிபட்டுக் கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் இருபது அடிகூட இருக்காது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தேன். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன். உடைமரங்கள் நிறைந்த புதர்க்காட்டை எங்கள் பக்கம் உடங்காடு என்போம். எங்கள் ஊர் உடங்காட்டிலேயே வாழ்கிற இந்த விலங்கை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தேன், அதுவும் செத்த பிறகு.

முள்ளெலியை முள்ளம்பன்றியோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். முள்ளம்பன்றி கொறிக்கும் விலங்கு, உருவத்தில் பெரியது, நீளமான முட்களை விரித்துக்கொண்டு எதிர்த்து நிற்கும். முள்ளெலி இரண்டு கைக்குள் அடங்கிவிடும். பெயரில் எலி இருந்தாலும் அது எலி இனமும் இல்லை. இரவில் இறங்கி வண்டு, கறையான், பூச்சிகளைத் தின்னும். ஆபத்து என்று தெரிந்தால் ஓடாது, அப்படியே பந்தாகச் சுருண்டுகொள்ளும். நரியும் நாயும் வந்தால் அந்தத் தந்திரம் காப்பாற்றும். லாரி வந்தால் காப்பாற்றாது. 1851-இல் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற இயற்கையியலாளர் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது மெட்ராஸ் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் ஆங்கிலத்தில் 'மெட்ராஸ் ஹெட்ஜ்ஹாக்' என்றுதான் சொல்கிறார்கள். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது.

அந்த வாரமே நாங்கள் நான்கு பேர் சேர்ந்தோம். ஒருவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், ஒருவர் எலக்ட்ரீஷியன், இன்னொருவர் என்னிடம் படித்த மாணவர். ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போடுவது என்று முடிவு செய்தோம். எந்தெந்தக் காட்டில் முள்ளெலி இருக்கிறது, எந்தச் சாலையில் அடிபடுகிறது, ஊர்க்காரர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்ற மூன்று கேள்விகள்தான் எங்களிடம் இருந்தன. பதில் தெரிந்த பிறகு காப்பாற்றும் வழியை யோசிக்கலாம் என்று நினைத்தோம்.

முதல் சேமிப்பு மொத்தத்தையும் கொண்டுபோய்க் கேமரா வாங்கினோம். ஆள் இல்லாமலே விலங்கு நடந்தால் தானாகப் படம் எடுக்குமே, அந்தக் கேமராக்களில் இரண்டு. மூன்றாவது வாரம் ஒன்று காணாமல் போனது. மற்றொன்றை மரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருந்தோம். அதில் ஆடும் நாயும்தான் பதிவாயின. முள்ளெலிக்குக் கேமராவைக் கணுக்கால் உயரத்துக்கு இறக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. காட்டில் புலி தேடுகிறவர்களுக்கு எழுதப்பட்ட பட்ஜெட்டைப் பார்த்து நாங்கள் பட்ஜெட் போட்டிருந்தோம். எங்கள் வேலைக்குத் தேவைப்பட்டது நல்ல தலை விளக்கு, பெட்ரோல், இரவில் கூட நடக்கிற உள்ளூர் ஆளுக்குக் கூலி, அப்புறம் பஞ்சர். உடைமுள் காட்டில் இரவில் பைக் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் முதல் வருடக் கணக்கில் பஞ்சர் ஒட்டிய செலவு தனித் தலைப்பாகவே இருந்தது.

இரவு வேலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் பக்கம் ராத்திரியில் தலையில் லைட் கட்டிக்கொண்டு காட்டில் திரிகிறவன் என்றாலே முயல் வேட்டைக்காரன்தான். ஆடு கிடை போட்டிருந்த ஒரு பெரியவர் எங்களை மறித்து, "என்ன சார், முயலுக்கா வந்திய?" என்று கேட்டார். மறுநாளே வனச்சரகரைப் பார்த்து எழுத்தில் தெரிவித்தோம். காவல் நிலையத்திலும் ஊராட்சித் தலைவரிடமும் நகல் கொடுத்தோம். காப்புக்காட்டுக்குள் வேலை செய்யவோ, விலங்கைப் பிடித்து அளவெடுக்கவோ வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. ஆகவே எதையும் பிடிக்காமல், கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டோம். பின்னாளில் நிதி கேட்டபோது, எல்லோரும் முதலில் கேட்டது இந்த அனுமதிக் கடிதங்களைத்தான். ஒரு பைசா வாங்குவதற்கு முன்பே அந்தக் காகிதங்களைச் சேர்த்துவைத்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது வருடம் வெளியே பணம் கேட்கத் தொடங்கினோம். வரிசையாக மூன்று இடங்களில் மறுத்துவிட்டார்கள். ஒரு இடத்தில், "முள்ளம்பன்றிகள் பயிரை அழிக்கின்றனவே, அவற்றை ஏன் பாதுகாக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார்கள். மற்ற இரண்டு இடங்களிலும் காரணம் ஒன்றுதான். உயிரினங்களின் அழிவு அபாயத்தை வகைப்படுத்தும் ஐ.யு.சி.என். அமைப்பின் செம்பட்டியலில் முள்ளெலி 'கவலை குறைந்த' பிரிவில் இருக்கிறது. அழியும் நிலையில் உள்ள விலங்குகளுக்குத்தான் நிதி என்றார்கள்.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இருக்கிற பணத்தை எங்காவது கோடு போட்டுத்தானே பிரிக்க முடியும்? ஆனாலும் அந்தக் கோடு பெயர் தெரியாத சிற்றுயிர்களை ஒரு சுழலில் மாட்டிவிடுகிறது. ஒரு விலங்கு குறைகிறது என்று காட்ட, பல வருடம் எண்ணிக் கணக்கெடுத்திருக்க வேண்டும். எண்ணுவதற்குப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் அது குறைகிறது என்று முதலில் காட்ட வேண்டும். புலிக்கும் யானைக்கும் அந்தச் சிக்கல் இல்லை. அரசே எண்ணிக் கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது மறுப்புக் கடிதம் வந்த அன்று, அந்த ஆடு மேய்க்கும் பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்களோடு நன்றாகப் பழகியிருந்தார். "அதுக்கு எதுக்கு சார் துட்டு? ராத்திரி அது பாட்டுக்கு வரும், வண்டைத் தின்னும், போவும். இந்த உடங்காட்டை உழாம விடச் சொல்லுங்க, போதும்" என்றார்.

அன்று இரவே விண்ணப்பத்தைத் திருப்பி எழுதினேன். அதுவரை முதல் பக்கம் முழுக்க விலங்கின் பெருமையைத்தான் எழுதிவந்தேன். எவ்வளவு அழகு, எவ்வளவு அரிது என்று. புதிய விண்ணப்பத்தை நிலத்திலிருந்து தொடங்கினேன். முள்ளெலி வாழ்கிற உடைமரப் புதர்க்காட்டுக்கு அரசுக் கணக்கில் தரிசு என்று பெயர். மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுதியிலேயே புதர் நிலமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தரிசு என்று பெயர் வைத்துவிட்டால் அங்கே காற்றாலை வரலாம், சூரியத் தகடு வரலாம், பிளாட் போடலாம், ஏதோ நல்லது நடப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அந்தத் தரிசில் இரவில் என்னென்ன வாழ்கின்றன என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நாங்கள் எழுதிவைக்கிறோம், முள்ளெலியில் தொடங்குகிறோம் என்று விண்ணப்பம் போனது. கூடவே முதல் இரண்டு வருடச் சாலைக் குறிப்புகளையும் வரைபடத்தில் குறித்து இணைத்தோம். எங்கள் சொந்தக் காசில் எடுத்த குறிப்புகள் அவை. அந்தத் தடவை பணம் கிடைத்தது.

சிற்றுயிர்களுக்கென்று சிறிய தொகை கொடுக்கிற இடங்கள் உலகில் சில உண்டு. பிரிட்டனின் ரஃபோர்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளின் சிறு திட்டங்களுக்குக் கொடுக்கிறது. முதல் முறை சின்னத் தொகை, அதை ஒழுங்காக முடித்தால் அடுத்த படி என்று ஏறலாம். உங்களையும் உங்கள் வேலையையும் தெரிந்த மூன்று பேரின் பரிந்துரை வேண்டும். அபுதாபியில் 2009-இல் தொடங்கிய முகமது பின் சயீது உயிரின நிதி ஒரு குறிப்பிட்ட உயிரினத்துக்கென்றே 25,000 டாலர் வரை தருகிறது. விலங்கு, செடி, பூஞ்சை எதற்கு வேண்டுமானாலும் கேட்கலாம். லண்டன் விலங்கியல் சங்கம் 2007 முதல் நடத்தும் 'எட்ஜ்' திட்டம், பரிணாமத்தில் தனித்து நிற்கிற, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களைப் பார்க்கிறது. உங்கள் விலங்கு எதில் பொருந்தும் என்று முதலில் பாருங்கள். பொருந்தாத இடத்துக்கு எழுதுவதற்கு ஆகும் உழைப்பும் பொருந்துகிற இடத்துக்கு எழுதுவதற்கு ஆகும் உழைப்பும் ஒன்றுதான்.

சரி, வெளிநாட்டுப் பணம் ஒப்புதலாகிவிட்டால் மட்டும் போதுமா? இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் இருக்கிறது. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஓர் அமைப்பு வெளிநாட்டு நன்கொடையைத் தொடக் கூடாது. பதிவு கேட்கவே அமைப்புக்கு மூன்று வயதாகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாயாவது வேலைக்குச் செலவழித்திருக்க வேண்டும். மாதம் நாலாயிரம் ரூபாயில் ஓடிய எங்களுக்கு அது எட்டாத தூரம். 2020 திருத்தத்துக்கு முன்பு, பதிவுள்ள ஒரு நிறுவனம் வாங்கிப் பதிவுள்ள இன்னொன்றுக்குக் கைமாற்ற முடிந்தது. இப்போது கைமாற்றவே முடியாது. டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு இருக்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பதிவுள்ள ஓர் ஆய்வு நிறுவனமே திட்டத்தைத் தன் பெயரில் நடத்தியது. எங்கள் மாணவர் அவர்களிடம் களப் பணியாளராகச் சேர்ந்தார். எங்கள் பெயர் பின்னால் போனதில் நண்பர்களுக்கு முதலில் வருத்தம். முள்ளெலிக்கு அதில் ஒரு குறையும் வரவில்லை என்று சொல்லித்தான் சமாதானம் செய்தேன். இன்றும் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் சொல்கிறேன்: விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே பணம் எந்தக் கணக்கில் வந்து இறங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதிலேயே வாட்ஸ்ஆப் குழு மூலம் ஒரு பாடம் கற்றோம். ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர் குழுவில் எங்கள் வேலையைப் பற்றிப் போட்டதும் ஐந்நூறு, ஆயிரம் என்று வந்தது. துபாயில் வேலை பார்க்கிற ஒருவர் அனுப்பினார், சிங்கப்பூரில் இருக்கிற ஒருவரும் அனுப்பினார். ஆடிட்டரிடம் காட்டியபோது இரண்டும் ஒன்றில்லை என்றார். துபாய்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறார், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பியது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க்காரர் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டார், அதனால் அது வெளிநாட்டுப் பணம். திருப்பி அனுப்பிவிட்டு ஃபோனில் பேசினேன். மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது எங்களோடு ஓர் இரவு முழுக்க நடந்தார்.

இப்போது ஒரு மரக்கன்று விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டுகளில் என் மனதை அதிகம் உறுத்திய விஷயம் அதுதான்.

ஒரு பிப்ரவரி மாதம், ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்பு நிதி தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் வன உயிரினப் பாதுகாப்பும் இருக்கிறது. அப்போது நாங்கள் ஒரு சிறிய டிரஸ்ட்டாகப் பதிவாகியிருந்தோம். வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் இரண்டும் வாங்கி, சி.எஸ்.ஆர். பணம் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 படிவத்திலும் பதிவு செய்திருந்தோம். இவை இல்லாமல் சி.எஸ்.ஆர். பணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அவர்கள் சொன்ன தொகை அதுவரை நாங்கள் செலவழித்த மொத்தத்தைவிடப் பெரியது. மார்ச் 31-க்குள் முடிக்க வேண்டும். முள்ளெலிக் காட்டில் ஐயாயிரம் மரக்கன்று நட வேண்டும், சுற்றிக் கம்பி வேலி போட வேண்டும், வாசலில் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முள்ளெலிக்கு வேண்டியது வெயில் படுகிற திறந்த புதர்நிலம். அங்கங்கே முள்செடி, நடுவில் புல், கறையான் புற்று. அதில் குழி தோண்டி நெருக்கமாக மரம் நட்டால், நாங்கள் காப்பாற்ற வந்த விலங்கின் வீட்டை நாங்களே மூடிவிடுவோம்.

எங்கள் குழுவில் அன்று பெரிய வாக்குவாதம். முதலில் வாங்கிக்கொள்ளலாம், மரத்தை ஓரமாக நட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர். வேண்டாம் என்று சொன்னால் இனி யாருமே கூப்பிட மாட்டார்கள் என்று இன்னொருவர். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு அப்படியே விடாமல், அந்த அதிகாரியை ஒரு தடவை இரவில் வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார். இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் வண்டிப் பாதையில் ஒரு முள்ளெலி நின்றது. விளக்கைத் தணித்துவிட்டு நின்றோம். அது சுருளவில்லை. மண்ணை முகர்ந்து முகர்ந்து ஒரு வண்டைப் பிடித்து நறுக்நறுக்கென்று கடித்துத் தின்றுவிட்டுப் புல்லுக்குள் போனது. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் அவரே கேட்டார், "மரம் இல்லாமல் வேறு என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்."

தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் ஒரே வருடத்தில் முடிக்கத் தேவையில்லாமல், தொடர் திட்டமாக மாற்றிக்கொடுத்தார்கள். சி.எஸ்.ஆர். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம் வரை இழுக்கலாம், செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கலாம். கொடுக்கிறவர்களில் பல பேருக்கே இந்த வழி நினைவில் இருப்பதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். மார்ச் மாதத்தில் வந்து குவிகிற பெரிய தொகையைவிட, மாதாமாதம் இரண்டு உள்ளூர் ஆட்களின் கூலியை நான்கு வருடம் தாங்குகிற தொகைதான் முள்ளெலிக்கு உதவியது. ஒரு சாலையில் எப்போது அடிபடுகிறது என்பது நான்கு மழைக்காலம் பார்த்தால்தான் தெரியும். தெரிந்த பிறகு, ஊராட்சி ஒன்றியத்திடம் பேசி, அதிகம் அடிபடுகிற இடங்களில் மட்டும் எச்சரிக்கைப் பலகை வைத்தோம்.

பணமே தேவைப்படாத வேலையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் முள்ளெலியின் முள்ளைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்துக் கக்குவான் இருமலுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அதற்காகப் பிடித்து விற்கிறவர்களும் இருந்தார்கள். முதலில் துண்டுப் பிரசுரம் அடிக்கலாம் என்று பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்கியிருந்தோம். பிள்ளைக்கு மருந்து தேடுகிற தாயிடம் போய்ச் சட்டம் பேசினால் அவள் ஏன் கேட்க வேண்டும்? ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர்தான் வழி சொன்னார். கக்குவான் இருமலுக்கு எதிரான மருந்து, பிள்ளை பிறந்து ஆறாவது வாரத்திலிருந்து போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இருக்கிறது, இலவசம். அவர் தடுப்பூசி போடும் நாட்களில் தாய்மார்களிடம் இதையும் சேர்த்துச் சொன்னார். நாங்கள் ஒரு படம் மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். துண்டுப் பிரசுரத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் பெட்ரோலுக்கு மாற்றக் கொடுத்தவர்களிடம் எழுதிக் கேட்டோம், உடனே சம்மதித்தார்கள். செலவழிப்பதற்கு முன்னால் கேட்டால் அநேகமாக யாரும் மறுப்பதில்லை.

கணக்கு விஷயத்தில் நாங்கள் கடைப்பிடிக்கும் ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாதம் ஐந்தாம் தேதி, ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் உட்பட எல்லோருக்கும் வரவு செலவை ஒரே பக்கத்தில் அனுப்புகிறோம். ஒன்றும் பார்க்காத மாதத்தில், 'பதினோரு இரவு நடந்தோம், ஒன்றும் பார்க்கவில்லை' என்றே எழுதுகிறோம். அப்படி எழுதிய ஒரு மாதத்தில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வழக்கமாகத் தருவதைப் போல இரண்டு மடங்கு அனுப்பியிருந்தார்.

2025-இல் தமிழ்நாடு அரசு நான்கு உயிரினங்களின் பாதுகாப்புக்கு 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி, திமில் மயில்கெண்டை மீன், அவற்றோடு முள்ளெலி. முள்ளெலியின் பங்கு 20.5 லட்சம். அதைப் படித்த அன்று ஸ்டூடியோ நண்பர் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்துவிட்டார். 2022-இல் வரையாட்டுத் திட்டத்துக்கு 25.14 கோடி கொடுத்த அரசுதான் இது, தொகையை ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால் மாநிலத்தின் நிதிக் கணக்கில் முள்ளெலி என்று ஒரு வரி வந்துவிட்டது. எங்கள் நான்கு பேரால் வந்ததில்லை அது. பல மாவட்டங்களில் பல வருடம் இந்த விலங்கின் பின்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். கரூர், திண்டுக்கல் எல்லையில் தேவாங்குக்கென்று 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயம் 2022-இல் வந்ததே, அதற்குப் பின்னாலும் இப்படி இரவில் நடந்து எண்ணியவர்கள்தான் இருந்தார்கள்.

ஆடு மேய்க்கும் பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, கிடைக்கு வருவதில்லை. அவருடைய பேரன் எங்கள் இரண்டு கூலி ஆட்களில் ஒருவன். குறிப்பு நோட்டில் அவன் கையெழுத்து என் கையெழுத்தைவிடத் தெளிவு. கிடை போடுகிற பக்கம் இருந்த உடங்காட்டில் ஒரு பகுதியைப் போன வருடம் உழுதுவிட்டார்கள், பட்டா நிலம், கேட்க முடியவில்லை. மீதிப் பகுதியின் சொந்தக்காரர் மதுரையில் இருக்கிறார். அடுத்த மாதம் அவரைப் பார்க்கப் போகிறோம், வருடக் குத்தகைக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம். அதற்கான தொகையில் பாதி கையில் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை இரவு நடை உண்டு. தலை விளக்கு இரண்டுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும், அந்தச் செலவை எலக்ட்ரீஷியன் நண்பர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.